நீர் உள்ள அளவுக்கே விதைப்பு



கிளிநொச்சியிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் வவுனியாவிலிருந்தும், கடையை இன்னொருவர் பொறுப்பில் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அப்படி வந்தவர்களிடம் சுற்றி வளைத்துப் பேசக் கூடாது. இணையத்தளம் தொடங்குவது எப்படி என்று சொல்லித்தரப் பலர் இருக்கிறார்கள். தொடங்கிய தளத்தை வியாபாரத்தோடு கூடவே நடத்திச் செல்வது எப்படி? இன்றைய பேச்சு அதைப் பற்றியது.

முதலில் ஒரு கேள்வி. உங்கள் கடையின் இணையப் பக்கத்தைப் பார்ப்பவர் யார்? பக்கத்து வளவுக்காரரா? அவர் ஏன் பார்க்கப்போகிறார்? வெள்ளிக்கிழமை மத்தியானம் நீங்கள் கடை பூட்டுவது அவருக்குத் தெரியும். உங்கள் போன் நம்பர் மாறியதும் தெரியும். முறிகண்டிப் பிள்ளையாரடியில் கச்சான் விற்கும் அம்மாவுக்கு இணையத்தளம் தேவையா? ஏ9 வீதியால் போகிற வாகனங்கள் பிள்ளையாரைக் கும்பிட அங்கே நிற்கும். கச்சான் கண்முன்னே வறுபடும். வேறென்ன விளம்பரம் வேண்டும்?

பக்கத்தைப் பார்ப்பவர் தூரத்தில் இருப்பவர். கொழும்பிலிருந்து புறப்பட்டு, கிளிநொச்சியில் இரவு தங்க அறை தேடுபவர். ரொறன்ரோவில் இருந்துகொண்டு, மல்லாவியில் தனியாக இருக்கும் தாய்க்கு ஒரு குளிர்சாதனப் பெட்டி வாங்கிக் கொடுக்க நினைக்கும் மகள். முல்லைத்தீவுக் கருவாட்டை மொத்தமாக எடுக்க விரும்பும் கண்டி வியாபாரி. இவர்களுக்கு உங்கள் கடைவாசல் தெரியாது. உங்கள் முகம் தெரியாது. இவர்களுக்கு உங்கள் பக்கம்தான் கடை.

ஊரவர் ஒரு பிழையைக் கண்டால் என்ன செய்வார்? "அண்ணை, போர்ட்டில பழைய விலை கிடக்குது, மாத்துங்கோ" என்பார். தூரத்தில் இருப்பவர் சொல்வாரா? சொல்லமாட்டார். நம்பரை அழுத்திப் பார்ப்பார். "பாவனையில் இல்லை" என்று குரல் வரும். அடுத்த கடையின் பெயரைத் தேடிப் போய்விடுவார். நீங்கள் அங்கே கல்லாவில் இருந்தபடி, "இன்றைக்கு வியாபாரம் மந்தம்" என்பீர்கள். வராமல் போன வாடிக்கையாளரைக் கணக்குப் புத்தகத்தில் எழுத முடியாது. பழைய பக்கம் தரும் நட்டம் சத்தமில்லாத நட்டம். அதனால்தான் அதைப் பற்றிச் சத்தமாகப் பேச வேண்டியிருக்கிறது.

இந்த மண்ணில் கடை நடத்துபவருக்கு மாற்றம் புதிதா? 2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது. 2006 ஓகஸ்டில் மூடியது. பாதை திறந்தபோது ஒரு வியாபாரம், மூடியபோது வேறொரு வியாபாரம். 2008 இன் பிற்பகுதியில் போரினால் கிளிநொச்சி நகரமே வெறுமையானது. மீள்குடியேறி வந்து, கூரையில்லாத சுவர்களுக்கு நடுவே திரும்பவும் கடை போட்டீர்கள். 1990 இல் நின்றுபோன ரயில் 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கு வந்தது. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் போனது. 2023 ஜனவரியில் தண்டவாளத் திருத்தத்துக்காக அநுராதபுரத்துக்கும் வவுனியாவுக்கும் இடையே சேவை நின்று, பல மாதங்களின் பின்னர் திரும்பியது. அந்த மாதங்களில், "புகையிரத நிலையத்திலிருந்து நடை தூரம், இரவு ரயிலுக்கு வருவோரை ஏற்றிவர ஆட்டோ உண்டு" என்று பக்கத்தில் எழுதி வைத்திருந்த ஒரு விடுதி இருந்தால், அந்த வரியை யார் திருத்தியிருப்பார்?

விலையைப் பாருங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாய். மே மாதத்தில் 360 ரூபாய். பெறுமதி சேர் வரி 2022 ஜூனில் 8 வீதத்திலிருந்து 12 ஆனது. அதே ஆண்டு செப்டெம்பரில் 15 ஆனது. 2024 ஜனவரி 1 முதல் 18 ஆனது. அதுவரை அந்த வரிக்குள் வராத கைத்தொலைபேசியும் சமையல் எரிவாயுவும் பசளையும் அன்றிலிருந்து வரிக்குள் வந்தன. கடைக்குள் இருந்த விலையை ஒவ்வொரு தடவையும் மாற்றினீர்கள். மாற்றாவிட்டால் கடை நின்றிருக்காது. பக்கத்தில் இருந்த விலையை மாற்றினீர்களா?

கடைப் பலகையை மாற்றிய கை, பக்கத்தை ஏன் மாற்றவில்லை? காரணம் சோம்பல் என்று நான் சொல்லமாட்டேன். காலை 6 மணிக்குக் கடை திறந்து இரவு 9 மணிக்குப் பூட்டுபவரைச் சோம்பேறி என்று யார் சொல்வார்? காரணம் வேறு. பலகை உங்களுடையது என்று உங்களுக்குத் தெரியும். பக்கம் "வெப்சைட் செய்து தந்த பெடியனுடையது" என்று எண்ணிவிட்டீர்கள். அங்கேதான் சிக்கல். பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு வரியும் நீங்கள் சொன்ன சொல். வாடிக்கையாளர் அப்படித்தான் எடுத்துக்கொள்வார். நீதிமன்றமும் அப்படித்தான் எடுத்துக்கொள்ளும்.

சிங்கப்பூரில் நடந்த ஒரு கதையைக் கேளுங்கள். 2003 ஜனவரி. டிஜிலண்ட்மோல் என்ற இணையக் கடை. 3,854 சிங்கப்பூர் டொலர் பெறுமதியான எச்பி லேசர் அச்சுப்பொறி ஒன்று, தளத்தில் 66 டொலர் என்று ஏறிவிட்டது. எப்படி ஏறியது? ஊழியர் பயிற்சியொன்றில் சும்மா தட்டிப் பார்த்த எண், தவறுதலாக உண்மையான தளத்துக்குள் போய்விட்டது. நடுச்சாமத்தில் அதைக் கண்ட ஒருவர் நண்பருக்குச் சொன்னார். அவர் இன்னொருவருக்குச் சொன்னார். விடிவதற்குள் ஆறு பேர் சேர்ந்து 1,606 அச்சுப்பொறிகளுக்குக் கட்டளை கொடுத்துவிட்டார்கள். தளமோ கேள்வி கேட்காமல், "உங்கள் கட்டளை ஏற்கப்பட்டது" என்று தானாகவே பதில் அனுப்பியது.

கடை மறுத்தது. ஆறு பேரும் வழக்குப் போட்டார்கள். 2004 இல் உயர் நீதிமன்றமும் 2005 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் கடையின் பக்கமே தீர்ப்பளித்தன. ஏன்? இது பிழையான விலை என்பது வாங்கியவர்களுக்கே தெரியும், தெரிந்துகொண்டே வாங்கினார்கள் என்று நீதிமன்றம் கண்டது. கடை தப்பியது. ஆனால், பிழை நம்ப முடியாத அளவுக்குப் பெரிதாக இருந்ததால் தப்பியது!

நம் கடைகளில் நடப்பது அப்படியா? ஒரு கிலோ 220 ரூபாய் விற்கும் அரிசி, பக்கத்தில் 180 ரூபாய் என்று கிடக்கிறது. "இது பிழை என்று வாடிக்கையாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும்" என்று எவராவது சொல்ல முடியுமா? முடியாது. 180 நம்பக்கூடிய விலை. நம்பித்தான் அவர் ஓமந்தையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறார். பெரிய பிழையை எவரும் கண்டுபிடித்துவிடுவார்கள். சின்னச் சின்னப் பழைய செய்திதான் ஆளை ஏமாற்றும்.

இன்னொன்று, கனடாவில். 2022 நவம்பரில் பாட்டியை இழந்த ஒருவர், எயார் கனடா தளத்தில் இருந்த தானியங்கி உரையாடல் கருவியிடம் துக்கச் சலுகைக் கட்டணம் பற்றிக் கேட்டார். இப்போது முழுக் கட்டணத்தில் வாங்குங்கள், 90 நாட்களுக்குள் விண்ணப்பித்தால் சலுகை கிடைக்கும் என்று அது பதில் சொன்னது. அதே தளத்தின் இன்னொரு பக்கமோ, பயணம் முடிந்த பிறகு அந்தச் சலுகை கிடையாது என்றது. ஒரே தளத்துக்கு இரண்டு வாய்! வழக்கில் நிறுவனம் என்ன வாதாடியது தெரியுமா? அந்தக் கருவி சொன்னதற்கு அதுவே பொறுப்பு என்பதுபோல வாதாடியது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் குடியியல் தீர்வுத் தீர்ப்பாயம் 2024 பெப்ரவரியில் அதை ஏற்க மறுத்தது. தளத்தில் இருக்கும் எல்லாத் தகவலுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று கூறி, நட்டஈடு கொடுக்கச் சொன்னது.

நம் ஊரிலும் ஒரே கடைக்கு இரண்டு வாய் இல்லையா? பேஸ்புக்கில் புது நம்பர், கூகுள் வரைபடத்தில் பழைய நம்பர். தமிழ்ப் பக்கத்தில் புது விலை, ஆங்கிலப் பக்கத்தில் மூன்று வருடத்துக்கு முந்திய விலை. வவுனியாவில் கடை வைத்திருப்பவர் சிங்களத்திலும் ஒரு பக்கம் வைத்திருப்பார். அதை மொழிபெயர்த்துத் தந்தவர் இன்று எங்கே என்று அவருக்கே தெரியாது. இலங்கைச் சட்டம் இந்த விஷயத்தில் பேசாமல் இருக்கவில்லை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், கடையில் விலைப்பட்டியல் தெரியும்படி வைக்கச் சொல்கிறது. வாடிக்கையாளரைப் பிழையாக வழிநடத்துவதையும் தடை செய்கிறது. கடைக்குள்ளே நேர்மையான பலகையும் வெளியுலகுக்குப் பழைய பக்கமும் வைத்திருப்பவர், இந்தச் சட்டத்தின் நோக்கத்தோடு எப்படி ஒத்துப்போவார்?

அடுத்து, சாவி யார் கையில்?

1999 ஆம் ஆண்டு நத்தார் நேரம். உலகத்தின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனமான மைக்ரோசொப்ட், தன்னுடைய ஓர் இணைய முகவரிக்கு ஆண்டுக் கட்டணம் கட்ட மறந்துவிட்டது. கட்டணம் வெறும் 35 டொலர். அந்த முகவரியின் வழியாகத்தான் ஹொட்மெயில் வாடிக்கையாளர் உள்ளே போக வேண்டியிருந்தது. ஆட்கள் தங்கள் கடிதங்களைத் திறக்க முடியாமல் நின்றார்கள். கடைசியில், நிறுவனத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கணினி நிரலாளர் தன் கைக்காசில் அந்த 35 டொலரைக் கட்டினார். மைக்ரோசொப்டே மறந்தது என்றால், நாம் மறக்கமாட்டோமா?

நம் நிலைமை இன்னும் சிக்கலானது. தளத்தைச் செய்து தந்த தம்பி, முகவரியைத் தன் பெயரில் பதிந்தார், தன் வங்கி அட்டையில் பணம் கட்டினார். இப்போது அவர் கட்டாரிலோ இலண்டனிலோ இருக்கிறார். நல்ல பிள்ளைதான், ஆனால் கடவுச்சொல் அவருக்கே நினைவில்லை. வன்னியில் பிள்ளைகள் வெளிநாடு போவது புதினமா? ஆகவே, தளத்தின் முகவரி உங்கள் பெயரில் இருக்க வேண்டும். 2010 முதல் ".இலங்கை" என்று தமிழிலேயே முடியும் முகவரியும் நமக்கு உண்டு. எந்த முகவரியானாலும், கட்டணம் முடியும் திகதியைக் கடைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வையுங்கள்.

"எங்களுடையது இலவசப் பக்கம்தானே, கட்டணம் எதற்கு?" என்பவர்களுக்கும் ஒரு செய்தி. சிறு வியாபாரிகளுக்குக் கூகுள் இலவசமாகக் கொடுத்துவந்த இணையப் பக்கங்களை, 2024 மார்ச்சில் நிறுத்தியது. அந்த முகவரிக்கு வருபவரைக் கடையின் கூகுள் விபரத்துக்குத் திருப்பி அனுப்பும் வசதியும் அதே ஆண்டு ஜூனில் முடிந்தது. அந்த முகவரியை ஆட்டோவின் பின்புறத்திலும் பில் புத்தகத்திலும் அச்சிட்டு வைத்தவர்களின் கதி என்ன? இப்படி மறைவது உங்கள் பக்கம் மட்டுமல்ல. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024 இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013 இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 வீதம் பத்தாண்டுகளுக்குள் திறக்க முடியாமல் போய்விட்டன. கவனிக்க ஆளில்லாத பக்கத்துக்கு ஆயுள் குறைவு.

சரி, ஐயா, என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்று கேட்பீர்கள். வழி நம் ஊரிலேயே இருக்கிறது.

சிறுபோகத்துக்கு முன்னால் இரணைமடுக் குளத்தடியில் என்ன நடக்கும்? பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கும். மாவட்டச் செயலாளர் இருப்பார், நீர்ப்பாசனப் பொறியியலாளர் இருப்பார், கமக்காரர் அமைப்புகள் இருக்கும். முதலில் பேசுவது எதை? குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பதை. அந்தத் தண்ணீருக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று முடிவெடுப்பார்கள். முதல் தண்ணீர் திறக்கும் திகதி, விதைப்பு முடிக்கும் திகதி, கடைசித் தண்ணீர்த் திகதி எல்லாம் அங்கேயே தீர்மானம். வாய்க்காலில் யார் எந்தத் துண்டைத் துப்புரவு செய்வது என்பதும் தீர்மானம். காணி நிறைய இருக்கிறது என்பதற்காகத் தண்ணீருக்கு மிஞ்சி விதைக்க விடுவார்களா? விடமாட்டார்கள். மிஞ்சி விதைத்தால் கருகும்.

உங்கள் இணையத்தளத்துக்குத் தண்ணீர் எது? அதைப் பார்க்கும் கையும் நேரமும்தான். இதுதான் நான் இன்று சொல்ல வந்த ஒரே விஷயம்: நீர் உள்ள அளவுக்கே விதைப்பு. கிழமைக்கு அரை மணித்தியாலம்தான் உங்களால் ஒதுக்க முடியுமா? அந்த அரை மணித்தியாலத்தில் பராமரிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் பக்கத்தில் போடுங்கள். இருபது பக்கம் கருகிக் கிடப்பதைவிட, ஒரு பக்கம் பச்சையாக இருப்பது மேல்.

ஆகவே வருடத்துக்கு இரண்டு கூட்டம் வையுங்கள். காலபோகத்துக்கு முன் ஒன்று, சிறுபோகத்துக்கு முன் ஒன்று. வன்னியின் வியாபாரம் போகத்தோடு ஏறி இறங்குவது. ஆகவே அந்தத் திகதிகளே நமக்குப் பொருத்தம். கூட்டத்துக்கு முதலாளி, கல்லாவில் இருப்பவர், வீட்டில் போன் நன்றாகப் பாவிக்கத் தெரிந்த பிள்ளை, இந்த மூவரும் போதும். ஒரு கொப்பியை எடுங்கள். உங்கள் கடையின் பெயர், நம்பர், நேரம், விலை எங்கெங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று அதில் எழுதுங்கள். பெயர்ப்பலகை, பில் புத்தகம், இணையப் பக்கம், கூகுள் வரைபடம், பேஸ்புக், வட்ஸ்அப், பிரதேச செயலகப் பதிவு. எழுதி முடித்ததும் நீங்களே திகைப்பீர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் 1 இல் வவுனியாப் பல்கலைக்கழகம் ஆனது. பலகையில் பெயர் மாறுவதோடு அந்த வேலை முடிந்துவிடுமா? கடிதத்தலைப்பு, முத்திரை, சான்றிதழ், இணைய முகவரி என்று அந்தப் பட்டியல் எவ்வளவு நீண்டிருக்கும்! அவர்களுக்கு அலுவலர் இருக்கிறார்கள். உங்களுக்கு இந்தக் கொப்பி இருக்கிறது.

பிறகு, பக்கத்தில் இருப்பதை மூன்றாகப் பிரியுங்கள்.

முதலாவது, மாறாதவை. நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள், என்ன தொழில் செய்கிறீர்கள். இவற்றை நன்றாக, விரிவாக எழுதுங்கள். மாங்குளம் சந்தியிலிருந்து எந்தப் பக்கம் திரும்புவது என்று எழுதுங்கள். அந்த வரி பத்து வருடமும் உழைக்கும்.

இரண்டாவது, போகத்துக்கு ஒருமுறை மாறுபவை. பெரும்பாலான விலைகள், பொருட்களின் பட்டியல், திறக்கும் நேரம், வற்றாப்பளைப் பொங்கலுக்கும் தைப்பொங்கலுக்கும் கடை பூட்டும் நாட்கள். இவற்றுக்குக் கீழே கட்டாயம் திகதி போடுங்கள். "இந்த விலை இன்ன திகதி நிலவரப்படி, வரி உட்பட" என்ற ஒரு வரி, உங்களையும் காப்பாற்றும், வாடிக்கையாளரையும் காப்பாற்றும்.

மூன்றாவது, நாளுக்கு நாள் மாறுபவை. முல்லைத்தீவுக் கரையில் காலையில் வள்ளம் வந்தபோது மீனுக்கு ஒரு விலை, பத்து மணிக்கு இன்னொரு விலை. அதைப் பக்கத்தில் போடாதீர்கள். உங்களிடம் அதற்குத் தண்ணீர் இல்லை. "இன்றைய விலைக்கு அழையுங்கள்" என்று எழுதி, எடுக்கப்படும் நம்பரைக் கொடுங்கள். மழைக்காலத்தில் வெள்ளம் வந்து, 2018 டிசெம்பரில் வந்ததுபோல, கடை பூட்ட நேர்ந்தால், கூகுள் விபரத்தில் அன்றைய நாளை மட்டும் "பூட்டு" என்று குறிக்க வசதி இருக்கிறது. அதைப் பழகிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, வாய்க்கால் துப்புரவு. யார் செய்வது? கடைப் பலகையில் விலையை மாற்றுபவர் யாரோ, அவரே பக்கத்திலும் மாற்ற வேண்டும். அதே ஆள், அதே மணித்தியாலம். யாழ்ப்பாணத்தில் இருக்கும் கணினி நிறுவனத்துக்குச் சொல்லி, அவர்கள் மாற்றி, பணம் கேட்டு வருவதற்குள் விலை இன்னொரு தடவை மாறிவிடும். எனவே, தளம் செய்து தருபவரிடம் முதல் நாளே கேளுங்கள்: "தம்பி, கல்லாவில் இருக்கிற பிள்ளை போனிலேயே விலையை மாத்த ஏலுமே?" ஏலாது என்றால், அந்தத் தளம் எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்களுக்குச் சரிவராது.

ஓர் எச்சரிக்கை. துப்புரவு என்றவுடன் எல்லாவற்றையும் வெட்டி எறியாதீர்கள். இணைய வலையை உருவாக்கிய டிம் பேர்னர்ஸ்-லீ, நல்ல முகவரிகள் மாறக் கூடாது என்று 1998 இலேயே எழுதினார். உங்கள் பழைய பக்கத்தின் முகவரியை யாரோ வட்ஸ்அப்பில் மாமிக்கு அனுப்பியிருப்பார். பொருளை நிறுத்திவிட்டீர்களா? பக்கத்தை அழிக்காமல், "இதை இப்போது செய்வதில்லை, பதிலாக இது இருக்கிறது" என்று எழுதுங்கள். கடை இடம் மாறிவிட்டதா? பழைய இடத்தைத் தேடி வருபவருக்குப் புதிய இடத்தைச் சொல்லுங்கள். வருபவரை வெறுமையில் நிறுத்தாதீர்கள்.

"எங்களுக்குப் பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் போதும்" என்று சிலர் சொல்வதும் என் காதில் விழுகிறது. உண்மைதான், சிலருக்கு அது போதும். ஊருக்குள்ளேயே கொடுக்கல் வாங்கல் செய்யும் தையல் கடைக்குக் கூகுள் வரைபடத்தில் சரியான இடமும் நம்பரும் நேரமும் இருந்தால் நிறைந்த காரியம். தண்ணீர் குறைவென்றால் குறைவாக விதைப்பதில் வெட்கம் இல்லை. ஆனால் பேஸ்புக்கில் போட்டது ஒரு கிழமையில் அடியில் போய்விடும். தூரத்திலிருந்து தேடி வருபவர், நேற்றுப் போட்ட வாழ்த்துப் படத்தை அல்ல, உங்கள் விலையையும் நம்பரையும் தேடுகிறார். அவை நிலையாக நிற்க ஓர் இடம் வேண்டும். தூரத்து வியாபாரம் வேண்டும் என்பவர் அந்த இடத்தை வைத்துத்தான் ஆக வேண்டும்.

இங்கே இருக்கும் பல்கலைக்கழக மாணவர்களே! வவுனியாவில் வியாபாரக் கற்கை படிக்கிறீர்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியலும் விவசாயமும் தொழில்நுட்பமும் படிக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் இருக்கும் கடைக்குப் புதிதாக ஒரு தளம் செய்து கொடுக்கத் துடிக்காதீர்கள். இருக்கும் தளத்தைத் திறந்து, எது பழையது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கடவுச்சொல்லை முதலாளியின் கையில் ஒப்படையுங்கள். மாற்றுவது எப்படி என்று கல்லாவில் இருக்கும் அக்காவுக்கு, அவரே தனியாகச் செய்து காட்டும்வரை, பொறுமையாகச் சொல்லிக் கொடுங்கள். அது உண்மையான தொழில்நுட்ப உதவி.

முதலாளிமாரே! இன்று இரவு ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் போனில் பார்க்காதீர்கள். அதற்கு உங்களைத் தெரியும். வெளிநாட்டில் இருக்கும் தம்பியிடமோ மருமகளிடமோ சொல்லுங்கள்: "எங்கட கடையைத் தேடிப்பார், என்ன காட்டுது எண்டு படம் எடுத்து அனுப்பு." வந்த படத்தில் இருக்கும் நம்பருக்கு நீங்களே அழைத்துப் பாருங்கள். உங்கள் கடையில் மணி அடிக்கிறதா? விலை சரியா? நேரம் சரியா? இடம் சரியா? பிழையாக இருப்பதில் ஒன்றைத் தெரிந்தெடுங்கள்; நாளைக் காலை கடை திறந்தவுடன், முதல் வாடிக்கையாளர் வருவதற்கு முன் அதைத் திருத்துங்கள். மறுநாள் அடுத்தது.

எத்தனையோ தடவை வெறுங்கையோடு வந்து கடை திறந்தவர்கள் நீங்கள். உங்களுக்கு ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொள்வது பெரிய காரியமா? அளவாகப் போடுங்கள். போட்டதைப் பாருங்கள். அடுத்த பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கும் கிழமையிலேயே உங்கள் கொப்பியையும் திறவுங்கள்.